நடுத்தடம்

நண்பர் ஒருவர் இந்த இதழுக்கென்று எழுதிய கட்டுரையை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஊசுட்டேரிக் கரையில் அவருடைய தாத்தா கட்டிய இரண்டறை ஓட்டு வீட்டைப் பற்றியது. தாத்தா சைகோனில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர். நான்கு தலைமுறை அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறது. இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, இதைப் போட வேண்டாம் என்றேன். காரணத்தை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கவுண்டரில் வரிசை நின்றிருந்தது என்பது சாக்கு. எழுதியே சொல்லிவிடுங்கள், அச்சில் வந்தாலும் பரவாயில்லை என்றார் அவர். அவர் பெரிய மனசுக்காரர்.

கட்டுரையின் எலும்புக்கூடு இ. பி. ஒயிட்டுடையது. 1941-இல் அவர் எழுதிய ‘ஒன்ஸ் மோர் டு த லேக்’ நான் பி.ஏ. ஆங்கிலம் படித்த காலத்தில் படித்தது; நண்பரும் படித்திருக்கிறார். 1904 வாக்கில், ஒயிட் ஐந்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, அவருடைய தகப்பனார் மேய்ன் மாநிலத்தில் ஒரு ஏரிக்கரைக் குடிலை ஆகஸ்ட் மாதத்துக்கு வாடகைக்குப் பிடிக்கிறார். பின்னால் நாற்பது வயது கடந்த ஒயிட் தம் மகனை அதே ஏரிக்கு அழைத்துப் போகிறார். தூண்டில் நுனியில் ஒரு தட்டாரப்பூச்சி வந்து உட்காருகிறது. அது அன்றைய பூச்சியா இன்றைய பூச்சியா, தூண்டிலைப் பிடித்திருப்பது தானா தன் மகனா, தன் வடிவில் நிற்பது தன் தகப்பனா என்று மனம் தடுமாறுகிறது. கடைசியில், மழைக்குப் பின் நனைந்த கால்சட்டையை மகன் இழுத்து மாட்டும்போது, பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவின் உடம்பில் சாவின் குளிர் தட்டுகிறது. இத்தனை சாதாரண விஷயத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போன கட்டுரை அதிகம் கிடையாது. நண்பரை இது ஆட்கொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால் நண்பர் எடுத்துக்கொண்டது கட்டுரையின் மயக்கத்தை. அதை நேர்மையாக்குகிற இடங்களை விட்டுவிட்டார். முன்பு பண்ணை வீட்டுக்குச் சாப்பிடப் போகும் பாதையில் மூன்று தடங்கள் இருந்தன, இப்போது இரண்டுதான் என்று ஒயிட் ஒரு இடத்தில் எழுதுகிறார். வண்டிச் சக்கரத் தடங்கள் இரண்டுக்கும் நடுவே குதிரை நடந்த தடம் ஒன்று இருந்தது. மோட்டார் வந்தபின் அது இல்லை. காலம் நின்றுவிட்டது என்று சாதித்துக்கொண்டிருக்கிறவர் தாமே தமக்கு எதிராகச் சாட்சி சொல்லும் இடம் இது. பரிமாறுகிற பெண்களைப் பற்றிய வரிகளும் அப்படித்தான். அவர்கள் அதே பதினைந்து வயதுக் கிராமத்துப் பெண்கள், தலைமுடி மட்டும் சுத்தமாகியிருக்கிறது, சினிமா பார்த்துவிட்டார்கள் என்கிறார். இதில் ஒரு மேட்டிமை இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். தகப்பன், மகன், பேரன் என்கிற ஆண் வரிசைக்கு வயதாகிறது. சோறு போடுகிறவளுக்கு வயதாவதில்லை. ஆனாலும் அவள் பக்கத்தில் இருக்கிறாள், வாசகன் கேள்வி கேட்க முடிகிறது.

நண்பரின் கட்டுரையில் அந்த ஓட்டு வீட்டைக் காத்துக் கிடந்த குடும்பம் இல்லை. நான் இரண்டு முறை அங்கே சாப்பிட்டிருக்கிறேன். கெளுத்தி மீன் குழம்பு. வைத்துக் கொடுத்தது காவற்காரர் மனைவி. கட்டுரையில் குழம்பு வருகிறது, வாசனையோடு வருகிறது. வைத்த கை வரவில்லை.

தோரோவுக்கு இந்த விஷயத்தில் கணக்குத் தெரிந்திருந்தது. வால்டன் குட்டைக்கரையில் 1845-இல் அவர் கட்டிய குடிலுக்கு 28 டாலர் 12½ சென்ட் செலவு என்று பட்டியல் போடுகிறார். ஒரு குமாஸ்தாவுக்கு இது பிடிக்காமல் போகுமா? பலகைகளுக்காக, ரயில் பாதையில் வேலை செய்த ஐரிஷ்காரர் ஒருவரின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்ததையும், அந்தக் குடும்பம் விடிகாலையில் மூட்டையோடு வெளியேறியதையும் எழுதிவைத்திருக்கிறார். தனிமை யாருடைய பலகையில் நின்றது என்பது அங்கே தெரிகிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது தண்ணீர். ஒயிட்டின் ஏரி எப்போதும் இருக்கிற ஏரி. அது மாறாததால்தான் மனிதன் மாறியது திடுக்கிட வைக்கிறது. நம் ஏரி அப்படியல்ல. ஊசுட்டேரி ஏறத்தாழ 800 ஹெக்டேர், பாதிக்குமேல் தமிழ்நாட்டு எல்லையில். ஐப்பசி கார்த்திகை மழையிலும் சங்கராபரணியிலிருந்து வரும் வாய்க்காலிலும் நிறைந்து, மதகு வழியே வயலுக்குப் போய், பங்குனி சித்திரையில் ஒடுங்குவது. 2008-இல் புதுவை அரசு தன் பக்கத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்த பிறகு அதைக் காட்சிப் பொருளாகப் பார்க்கப் பழகியிருக்கிறோம். ஆனால் ஏரி என்பது பார்ப்பதற்காக வெட்டப்பட்டதில்லை. கரை, கலிங்கு, மதகு, ஆயக்கட்டு, நீர்க்கட்டி எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. கோடைக்கானலில் 1863-இல் கலெக்டர் லெவிஞ்ச் அணைகட்டி உண்டாக்கிய ஏரி வேறு ஜாதி. அது வெள்ளைக்காரக் குடும்பங்கள் உலாவுவதற்கு உதவியது. அந்தக் கண்ணைக் கொண்டுவந்து ஊசுட்டேரிமேல் வைக்க முடியாது.

நண்பரின் குடும்பம் அங்கே கூடுவது ஆகஸ்டில். ஒயிட்டின் அதே ஆகஸ்ட். பிரான்சிலிருக்கும் தம்பி தங்கைகளுக்கு அப்போதுதான் விடுமுறை. நல்ல மழை கண்ட வருஷத்துக்கு அடுத்த ஆகஸ்டிலும் தண்ணீர் கிடக்கலாம். ஆனால் கட்டுரையில் ஐம்பது வருஷத்து ஆகஸ்டுகள் அனைத்திலும் ஏரி தளும்புகிறது, அலை கரையை முத்தமிடுகிறது. நான் போன ஒரு ஆகஸ்டில் சேறு வெடித்துக் கிடந்தது, நடுவில் மாடு மேய்ந்தது. அந்த முத்தம் நினைவிலிருந்து வந்ததல்ல, படித்த புத்தகத்திலிருந்து வந்தது. நம் நினைவுக் கட்டுரைகள் பலவற்றிலும் கிராமத்து ஏரி எப்போதும் நிறைந்தே இருக்கிறது. இது ஒரு பொது நோய். அசோகமித்திரன் 1973-இல் ‘தண்ணீர்’ என்றே பெயர் வைத்து நாவல் எழுதினார். அதில் ஏரி கிடையாது. வராத குழாயும், குடத்தோடு அலைகிற பெண்களும், சென்னைத் தெருவும்தான். தமிழில் தண்ணீரை இதைவிட ஸ்தூலமாக எழுதியவர் யார்?

வீட்டுக்கும் நீருக்கும் உள்ள உறவைப் பற்றி இந்த ஊரிலேயே ஒரு கதை உண்டு. பாரதி பூங்காவில் வெள்ளையாக நிற்கிற ஆயி மண்டபத்தின் கதை. கிருஷ்ணதேவராயர் ஒளி நிறைந்த வீடொன்றைக் கோயிலென்று கும்பிட்டுவிட்டார். அது தாசி ஆயியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னார். அவள் தானே அதை இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பார்கள். முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் வந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவளுக்கு மண்டபம் எழும்பியது. ராஜ கோபத்தைத் தியாகமாக மாற்றிச் சொல்கிற கதை இது, எனக்கு அதில் சந்தேகங்கள் உண்டு. என்றாலும் கதையின் திசையைக் கவனிக்கலாம். வீடு போய்த் தண்ணீர் வந்தது. தண்ணீர் பார்க்க வீடு கட்டிய கதையை நம் ஊர் சொல்லவில்லை.

இனி ‘எங்கள்’ என்ற சொல். ‘எங்கள் வீடு’ என்று நண்பர் பதினேழு இடத்தில் எழுதியிருக்கிறார், எண்ணிப் பார்த்தேன். 1881 செப்டம்பர் 21 ஆணையின்கீழ் தம் வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பம் அவருடையது. அந்தச் சட்டத்தில் பிள்ளைகளுக்குச் சம பங்கு, பெண்களுக்கும். பிரிக்காமல் கூட்டாகவே வைத்திரு என்று யாரையும் வற்புறுத்த முடியாது என்கிறது 815-ஆவது பிரிவு. இப்போது அந்த இரண்டறைக்குப் பதினொரு பங்குதாரர்கள். யாரும் விற்கவில்லை, யாரும் ஓடு மாற்றவும் இல்லை. ஒரு அத்தை மட்டும் பங்கைக் கேட்டு நொத்தேரிடம் போனார். அதோடு அவர் கட்டுரையிலிருந்தும் போய்விட்டார். தலைமுறை என்பது தூண்டில் கைமாறுவது மட்டும்தானா? பத்திரம் கைமாறுவதும் தலைமுறைதான். அத்தை நொத்தேர் வீட்டுப் படியேறிய மத்தியானத்தை எழுதியிருந்தால் நான் ஒரு வார்த்தை பேசாமல் அச்சுக்குக் கொடுத்திருப்பேன்.

அவரால் எழுத முடியாது என்று நான் நினைக்கவில்லை. கட்டுரையைத் திருப்பிக் கொடுத்த அன்று டீக்கடையில் அவரே ஒன்று சொன்னார். போன முறை தம்பியின் மகன் வந்திருந்தான், எட்டு வயது. வண்டியிலிருந்து இறங்கிக் கரைமேல் ஓடி ஏறி, சுற்றிலும் பார்த்துவிட்டு, “பெரியப்பா, ஏரி எங்கே?” என்று கேட்டானாம். காவற்காரர் மனைவிதான் அவன் கையைப் பிடித்து மதகுப் பக்கம் கூட்டிப்போனாள். அங்கே முழங்கால் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான்.

இது ஏன் கட்டுரையில் இல்லை என்று கேட்டேன். அதை எப்படிப் போடுவது என்றார்.