மூன்று பைட்டில் அடங்காத முந்திரி

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ‘யூடிஎஃப்8’ என்று ஒரு எழுத்துத் தொகுதி இருக்கிறது. அது யூடிஎஃப்-8 இல்லை. இருபது வருஷமாக இந்தப் பெயர் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறது, என்னையும்தான். இமோஜி விஷயத்தில் இதைப் பற்றி உலகம் முழுக்கப் புலம்பி முடித்துவிட்டார்கள். தமிழ் ஆவணங்களை இது எப்படிக் கடிக்கிறது என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் இந்தப் பதிவு.

காஞ்சிபுரம் பக்கத்துக் கூரத்தில் ஒரு பெரியவர் வீட்டில் பழைய பங்குக் கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. தொண்டைமண்டலத்துக் கிராமங்களில் நிலத்தைப் பங்குகளாக வைத்திருந்த மிராசு முறையைப் படித்திருப்பீர்கள். ஒரு பங்கில் இவருக்கு அரை, அவருக்குக் கால், இன்னொருவருக்கு ஒரு மா, மிச்சம் முந்திரிக் கணக்கில். எல்லாம் பழைய பின்னக் குறிகளில் எழுதியது. மா என்றால் இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று (நில அளவாகச் சொல்லும் காணி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). முந்திரி 320-இல் ஒன்று. நாற்பது பக்கம். 31 பக்கத்தைப் படம் எடுத்தேன். வெளிச்சம் போய்விட்டதால் மீதி 9 பக்கத்தை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே மடிக்கணினியில் தட்டச்சு செய்தேன். “கணக்கெல்லாம் ஏறிடுச்சா தம்பி?” என்று கேட்டார். “ஏறிடுச்சுங்க ஐயா” என்றேன். ஸ்கிரிப்டும் அதைத்தான் சொன்னது.

சில மாதம் கழித்து, ஒவ்வொரு பக்கத்திலும் பின்னங்களைக் கூட்டினால் முழுப் பங்கு வருகிறதா என்று பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். எல்லா வரியும் ‘பங்கு’ என்ற சொல்லோடு நின்றிருந்தது. பின்னம் இல்லை. அதற்குப் பிறகு எழுதியிருந்த, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற குறிப்பும் இல்லை. கத்தி வைத்து வெட்டின மாதிரி. அதற்குள் ஒரு மழையில் அந்த நோட்டு நனைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

என்ன நடந்தது? நாம் தினமும் எழுதும் தமிழ் எழுத்துகள் யூனிகோடில் 2,944-ஆம் இடத்திலிருந்து 3,071 வரைக்குள் அடங்குகின்றன. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். ஆனால் பழைய பின்னங்களும் அளவைக் குறிகளும் அங்கே இல்லை. 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12.0-இல்தான் ‘தமிழ் துணைத் தொகுதி’ என்று 51 குறிகள் தனியாகச் சேர்ந்தன. அதன் முதல் இடத்தில், 73,664-இல், முந்திரி உட்கார்ந்திருக்கிறது. 65,535-ஐத் தாண்டிய எந்த எழுத்துக்கும் யூடிஎஃப்-8-இல் 4 பைட் வேண்டும். முந்திரிக்கு 240, 145, 191, 128. மைஎஸ்க்யூஎல்லின் ‘யூடிஎஃப்8’ மூன்று பைட்டோடு நின்றுவிடும். நாலாவது பைட் கேட்கும் எழுத்து வந்தால் அதற்கு அது எழுத்தே இல்லை.

இந்த மூன்று பைட் வரம்பு தெரியாமல் நேர்ந்தது இல்லை என்பதுதான் என் முதல் புகார். 4.1 பதிப்புக்கான வேலை நடந்தபோது, 2002-இல், ஆரம்பத்தில் 6 பைட் வரை ஏற்கும்படி எழுதியிருந்தார்கள். அப்போது நடப்பிலிருந்த தரமும் அதுதான். அதே வருஷம் அதை மூன்றாகக் குறைத்தார்கள். ‘கேர்’ வகை ஃபீல்டுக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் உச்ச அளவு இடத்தை ஒதுக்க வேண்டியிருந்தது, வேகம் பெரிதாகப் பேசப்பட்ட காலம், வட்டு இடமும் விலை அதிகம். புரிகிறது. மூன்று பைட் என்பது நியாயமான சமரசமாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு வேறு பெயர் வைத்திருக்க வேண்டும். 2001-லேயே யூனிகோடு 3.1-இல் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சீன எழுத்துகள் 65,535-க்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அதனால் ‘அங்கே யாரும் இல்லை’ என்ற சாக்கும் செல்லாது. சரியான நாலு பைட் வடிவம் 2010-இல் 5.5.3-இல் வந்தது, ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று வாயில் நுழையாத பெயரில். தப்பானதுக்கு அசல் பெயர், அசலுக்கு ஒட்டுப்பெயர். 8.0-இல் இயல்பிருப்பு சரியானதுக்கு மாறிவிட்டது, உண்மை. ஆனால் வெறும் ‘யூடிஎஃப்8’ என்று எழுதினால் அதிலும் பழைய மூன்று பைட் ஆள்தான் வருவார்.

பெயராவது போகட்டும். பெரிய குற்றம் மௌனம். பொருந்தாத தரவு வந்தால் டேட்டாபேஸ் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டும். ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாத மைஎஸ்க்யூஎல் அப்படிச் சொல்லாது. இணைப்பும் ஃபீல்டும் இரண்டுமே பழைய யூடிஎஃப்8 என்றால், புரியாத எழுத்து வந்த இடத்தோடு வெட்டிவிட்டு ‘ஒரு வரி சேர்ந்தது, ஒரு எச்சரிக்கை’ என்று முடித்துக்கொள்ளும். அந்த எச்சரிக்கையைத் தனியாகக் கேட்டு வாங்கினால்தான் 1366 என்ற எண்ணோடு விவரம் வரும். எந்த ஸ்கிரிப்ட் கேட்கிறது? 5.7-இலிருந்து ஸ்ட்ரிக்ட் மோட் இயல்பாகவே உண்டு. என் சர்வர் 5.7தான். ஆனால் 5.5 காலத்தில் எழுதிய அமைப்புக் கோப்பை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்; அதில் அந்த மோடை நானே காலியாக வைத்திருந்தேன். ஏதோ ஒரு பழைய நிரல் எர்ரர் அடித்தது என்பதற்காக. இந்தப் பங்கு என்னுடையது, மறைக்கவில்லை.

இது தமிழ்க்காரர்களின் தனிப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். வேர்ட்பிரஸ் 2015-இல் இதே வெட்டினால் ஒரு பாதுகாப்பு ஓட்டையைச் சந்தித்தது: நாலு பைட் எழுத்தைப் பின்னூட்டத்தின் நடுவில் வைத்தால், சோதித்துத் தேறிய உரை ஒன்றாகவும் டேபிளில் போய் விழுந்த உரை வேறாகவும் இருக்கும். 4.2 பதிப்பில் டேபிள்களை எம்பி4-க்கு மாற்றினார்கள்.

நம் பக்கத்துத் தவறு வேறு மாதிரி. ‘யூடிஎஃப்8 போடுங்க, தமிழ் வந்துடும்’ என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். ‘வணக்கம்’ என்று அடித்துப் பார்ப்போம், திரும்பி வரும், வேலை முடிந்தது. அது மூன்று பைட்டில் அடங்குகிற அதிர்ஷ்டம், அவ்வளவுதான். தமிழில் போய்த் தொலைகிறது எது என்று பாருங்கள்: நில அளவு, நெல் அளவு, பங்கு. பழைய ஆவணத்தில் யாருக்கு எவ்வளவு என்பதைச் சொல்கிற குறிகள் மட்டும். அலங்கார வாக்கியங்கள் பத்திரமாக இருக்கும், கணக்கு போய்விடும்.

சரி, எம்பி4-க்கு மாற்றி, ஸ்ட்ரிக்ட் மோடைப் போட்டு, 31 பக்கத்தைப் படத்திலிருந்து மறுபடி ஏற்றினேன். முடிந்ததா? பின்னவாரியாக எத்தனை வரி என்று குரூப் செய்து பார்த்தால் ஒரே ஒரு குழு வருகிறது! 5.7-இல் எம்பி4-இன் இயல்பான ஒப்பீட்டு விதி ‘ஜெனரல் சிஐ’. அதன் கண்ணில் 65,535-க்கு மேலிருக்கும் எழுத்தெல்லாம் ஒரே எடை. ஜப்பானியப் பொறியாளர்கள் இதை சுஷி-பீர் சிக்கல் என்பார்கள். சுஷி இமோஜியைத் தேடினால் பீரும் வரும். அங்கே அது சிரிப்பு. இங்கே ஒரு மாவும் ஒரு முந்திரியும் சமம் என்று டேட்டாபேஸ் சாதிக்கிறது. பதினாறு மடங்கு வித்தியாசம். பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் ‘பின்’ விதியைப் போட்டதும் சரியானது. 8.0-இன் புதிய ‘0900’ விதியிலும் இந்தத் தொல்லை இல்லை.

(பழைய மென்பொருள்களில் 191 என்ற விநோத எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்தக் குடும்பம்தான். பழைய இன்னோடிபி-இல் இன்டெக்ஸ் வரம்பு 767 பைட். 255 எழுத்து, மூன்று பைட் என்றால் 765, உள்ளே வந்துவிடும். நாலு பைட் என்றால் 191-க்கு மேல் இடமில்லை.)

மூன்றாவது அடி பேக்கப்பில். புது சர்வருக்கு மாறும்போது டம்ப் எடுத்து ஏற்றினேன். பின்னங்கள் எல்லாம் கேள்விக்குறி. 5.7-இன் டம்ப் கருவி, எழுத்துத் தொகுதி எதுவென்று சொல்லாவிட்டால், பழைய யூடிஎஃப்8-இல்தான் எழுதுகிறது. டேபிள் சரி, சர்வர் சரி, காப்பு நகல் மட்டும் ஓட்டை. பழைய சர்வரை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தேன். ஒரு டேட்டாபேஸின் பேக்கப் கருவிக்கு அந்த டேட்டாபேஸின் தரவையே முழுசாக எழுதத் தெரியவில்லை என்றால் அதை அமைப்புப் பிழை என்று நிர்வாகி தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் யூடிஎஃப்8 என்றால் நாலு பைட் வரை யூடிஎஃப்-8. கெட்ட பைட் வந்தால் எர்ரர். அதற்கும் குறைகள் உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் அது நேர்மையான ஆள்.

கூரத்தை வைத்து ஒன்று சொல்ல வேண்டும். முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. ஹுல்ட்ஷ் 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். பரமேசுவரமங்கலத்தை 25 பங்காகப் பிரித்த கணக்கு அதில் வருகிறது: கோயில் பூசையும் பழுதுபார்ப்பும் செய்கிற இருவருக்கு 3, மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் தர 1, அங்கே பாரதம் வாசிக்க 1, நான்மறை வல்லார் இருபது பேருக்கு 20. கூட்டிப் பாருங்கள், 25 வருகிறது. மொத்தமும் பங்கீடும் ஒரே ஆவணத்தில் இருப்பதால் ஒரு எண் அழிந்தாலும் மற்றவற்றிலிருந்து மீட்கலாம்.

என் 9 பக்கத்துக்கு அந்த வழியும் இல்லை. ஒரு பக்கத்தில் ஒரு பின்னம் மட்டும் போயிருந்தால் ஒன்றிலிருந்து கழித்துக் கண்டுபிடித்திருக்கலாம். எல்லா வரியிலும் போயிருக்கிறது. இப்போது பின்னத்தை உரையாக மட்டும் வைக்காமல், பக்கத்திலேயே 320-இல் எத்தனை என்று முழு எண்ணாகவும் வைக்கிறேன். மா என்றால் 16, காணி என்றால் 4, முந்திரி என்றால் 1. அந்த 9 பக்கத்து வரிகளில் அந்த ஃபீல்டு ‘நல்’. பூஜ்யம் போடவில்லை, பூஜ்யம் என்றால் பங்கே இல்லை என்று அர்த்தமாகிவிடும். பெரியவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒட்டிப்போன நோட்டை எடுத்துவந்து திண்ணையில் வைத்து, “இதைப் பிரிக்கறதுக்கு யாராவது இருக்காங்களா, விசாரிச்சுச் சொல்லு” என்றார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.