புண் அறிந்து புத்தகம் தேர்வது

மந்திரமும் டிராகனும் உலவும் கதை நம் வாழ்க்கையை விட்டு வெகுதூரத்தில் நடக்கிறது, அதனால் யாரையும் நோகடிக்காது என்ற நம்பிக்கை மிகுபுனைவு வாசகர் பலரிடம் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்த நம்பிக்கையில் என். கே. ஜெமிசினின் ‘தி ஃபிஃப்த் சீசன்’ (2015) நாவலைத் திறந்தால், தகப்பன் அடித்துக் கொன்ற குழந்தையின் உடலைப் போர்வையால் மூடிவிட்டு அருகில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு தாயைத்தான் தொடக்கத்திலேயே எதிர்கொள்வார். அந்த முத்தொகுதியின் மூன்று நூல்களும் 2016 முதல் 2018 வரை அடுத்தடுத்து ஹ்யூகோ பரிசு பெற்றன; மூன்றுக்கும் அந்தத் தகுதி உண்டு. ஆனால் பரிசு பெற்ற நூல் என்று அதை ஒருவர் கையில் கொடுக்கும்போது, அந்தத் தொடக்கத்தையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

ஆங்கில மிகுபுனைவில் வகைப்பெயர்களுக்குக் குறைவில்லை. இரத்தமும் துரோகமும் மிகுந்தவை ‘கிரிம்டார்க்’, இதமானவை ‘கோஸி’. வாளைக் கீழே வைத்துவிட்டுக் காபிக்கடை திறக்கும் வீராங்கனையைச் சொல்லும் டிராவிஸ் பால்ட்ரீயின் ‘லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’ (2022) இரண்டாம் வகை. இந்தப் பெயர்களிலிருந்து கதையின் தொனி தெரியும். உள்ளே நடப்பது தெரியாது. கேத்தரின் அடிசனின் ‘தி காப்ளின் எம்பரர்’ (2014) மனதுக்கு இதமான நாவல் என்று பலரும் சிபாரிசு செய்வது. நானும் செய்வேன். வளர்த்தவன் செய்த கொடுமைகளுக்குப் பிறகும் இரக்கம் குன்றாத இளம் பேரரசனின் கதை அது. ஆயினும் அந்தக் கொடுமைகளின் நினைவு கதை நெடுக வருகிறது. சடங்குமுறைத் தற்கொலை ஒன்றும் உண்டு. தற்கொலையால் உறவை இழந்தவர் டோல்கீனிடமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ (1955) நூலில் டெனத்தோர் என்ற ஆட்சியாளன் தன்னோடு மகனையும் சேர்த்து எரிக்கச் சிதை மூட்டுகிறான்.

வளர்ப்புப் பிராணியை அண்மையில் இழந்தவர்கள் ராபின் ஹாப்பின் ‘அசாசின்ஸ் அப்ரெண்டிஸ்’ (1995) தொடங்கும் வரிசையைச் சில காலம் தள்ளிவைக்கலாம். விலங்குகளோடு மனம் பிணையும் சிறுவன் அதன் நாயகன். நாய்க்குட்டியை அவனிடமிருந்து பிரிக்கும்போது அவனுக்குள் அறுபடுவதை நாமும் உள்ளிருந்தே உணர்கிறோம்.

நோகடிக்கக்கூடிய உள்ளடக்கத்தைப் பற்றி வாசகருக்குத் தரும் முன்னெச்சரிக்கைக் குறிப்புகளால் பயனில்லை என்று வாதிடுவோர் ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். பிரிட்ஜ்லேண்டும் சக ஆய்வாளர்களும் 2023இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, இத்தகைய குறிப்புகள் படிக்கும்போது எழும் வேதனையைக் குறைப்பதில்லை. படிக்குமுன் ஏற்படும் பதற்றத்தைச் சற்றுக் கூட்டுகின்றன. இதை நான் ஏற்கிறேன். ஆனால் இந்த முடிவுகள் எச்சரிக்கை தரும் ஆறுதலைப் பற்றியவை. துக்கத்தில் இருப்பவருக்கு வேண்டியதோ எதை, எப்போது, யார் துணையோடு படிப்பது என்று முடிவெடுக்க உதவும் தகவல். அதற்கு ‘தற்கொலை’, ‘வன்முறை’ என்ற ஒற்றைச் சொற்கள் போதவில்லை.

போதாமைக்குக் காரணம், ஒரே துயரத்தை இரண்டு நூல்கள் முற்றிலும் வேறாகக் கையாளலாம் என்பது. ஸ்டீவன் டொனால்ட்சனின் ‘லார்ட் ஃபவுல்ஸ் பேன்’ (1977) நாவலில் கதாநாயகனே தொடக்கத்தில், தனக்கு உதவிய இளம்பெண்ணை வல்லுறவு செய்கிறான். அதன் விளைவுகளிலிருந்து டொனால்ட்சன் அவனைத் தப்பவிடவில்லை. என்றாலும் நாம் தொடர்ந்து நடப்பது குற்றவாளியின் மனத்தோடுதான். உர்சுலா கே. லெ குவினின் ‘தெஹானு’ (1990) வேறு. அவருடைய ‘எர்த்சீ’ வரிசையின் முந்தைய நூல் வந்து 18 ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. சிதைக்கப்பட்டு, நெருப்பில் தள்ளப்பட்ட ஒரு சிறுமி அதில் இருக்கிறாள். ஆனால் அந்தச் செயலைக் காட்சியாக விரிப்பதில் லெ குவினுக்கு அக்கறையில்லை. அவளுக்குச் சோறு ஊட்டுவது, பயமின்றித் தூங்கவைப்பது, அவள் முகத்துத் தழும்பை ஊரார் பார்க்கும் விதம் ஆகியவற்றில்தான் நாவல் நிலைகொள்கிறது. இருவரில் ஒருவரைச் சொல் என்றால் நான் தயங்காமல் லெ குவினைச் சொல்வேன். அங்கும் முடிவுக்கு அருகில், சிறுமியை வளர்க்கும் டெனாரை மந்திரத்தால் கட்டி இழிவுபடுத்தும் பகுதி கடுமையானது. அதை முன்கூட்டியே சொல்வதால் கதை கெட்டுவிடாது.

வரலாற்றுக் காயம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் மறைவானது. ஆர். எஃப். குவாங்கின் ‘தி பாப்பி வார்’ (2018) ஏழைப்பெண் தேர்வெழுதி ராணுவக் கல்லூரியில் சேரும் கதையாகக் கிளம்பி, 1937இன் நாஞ்சிங் படுகொலையை ஒட்டிய அத்தியாயங்களுக்குப் போய்ச் சேர்கிறது. முதல் பாதியின் சுவையை நம்பி இளையவர்களுக்கு அதைப் பரிசளிப்பது சரியல்ல.

ஈழத்தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது, இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் ‘தி செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ (2023). நெபுலா பரிசு பெற்ற அந்நாவலில் இனக்கலவரங்களும் தடுப்பு முகாம்களும் வருகின்றன. நாயகன் முகாம் முகாமாக அலையும் நீண்ட பகுதி ஒன்று உண்டு. மதமும் அரசும் சேர்ந்து மனிதர்களை எப்படிப் பிரித்து எண்ணுகின்றன என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய மிகுபுனைவு நாவல்கள் குறைவு. 2009இல் இலங்கைப் போரில் இடம்பெயர்ந்தோரை அடைத்துவைத்த மெனிக் பாம் முகாமில் இருந்த ஒருவருக்கு அந்தப் பகுதி நினைவையே கிளறும். அவர் அதைப் படித்தாக வேண்டும் என்று எந்த இலக்கியக் கடமையும் இல்லை. படிக்க விரும்பினால், முகாம் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படித்தவர் ஒருவரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அந்தப் பக்கங்களைத் தாண்டியும் போகலாம்.