துத்தியா, நிலத்துத்தியா? மூலிகைப் புத்தகங்கள் கேட்க மறந்த கேள்வி

தமிழ் மூலிகைப் புத்தகங்கள் மேல எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. துத்தி பக்கத்தைத் திறந்தால் இதய வடிவ இலை, ஐந்து இதழ் மஞ்சள் பூ, தரிசில் தானாக வளரும் என்று போட்டிருக்கும். சரிதான். ஆனா அதே வரியை நிலத்துத்திக்கும் ஒட்டலாம், ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். ரெண்டு செடிக்கும் பொருந்துகிற விளக்கம் அடையாளமே ஆகாது. நிரலாளர் மொழியில் சொன்னா, எல்லா உள்ளீட்டுக்கும் 'ஆம்' என்று பதில் தருகிற சோதனை அது.

கோலியனூர் கூட்டுரோடு பக்கம் சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் மஞ்சள் பூ பூக்கிற இந்தச் சொந்தக்காரச் செடிகளைப் பார்க்கலாம். எல்லாம் பருத்தி, செம்பருத்தி குடும்பம். துத்தி 'அபுட்டிலான்' பேரினம். நிலத்துத்தியும் அரிவாள்மனைப் பூண்டும் 'சைடா' பேரினம்.

பிரிக்கிற வழி பூவில் இல்லை, காயில் இருக்கு. காய்ந்த காயை விரலால் நசுக்கினால் ஆரஞ்சு மாதிரி சுளை சுளையாகப் பிரியும். ஒரு சுளையை உடைத்துப் பாருங்க. உள்ளே ரெண்டு மூணு விதை இருந்தா துத்தி. ஒரே விதைன்னா சைடா. எண்ணிக்கையும் உதவும்: துத்திக்கு 15 முதல் 20 சுளை வரை சக்கரம் மாதிரி அடுக்கியிருக்கும். நிலத்துத்திக்கு பத்து வாக்கில்; ஒவ்வொரு சுளை உச்சியிலும் ரெண்டு நீள முள். அரிவாள்மனைப் பூண்டுக்கு 5 முதல் 8; முள் குட்டை, இலையும் இதய வடிவம் இல்லை, ஒடுங்கி நீண்டிருக்கும். நேரமும் ஒரு துப்பு: துத்திப் பூ சாயங்காலம்தான் நல்லா விரியும்.

இதுல என்ன குடி முழுகிப் போச்சுன்னு கேட்கலாம். நிலத்துத்திதான் ஆயுர்வேதத்தில் 'பலா' (பலாப்பழத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை). அதன் பெயரில் கடைகளில் விற்ற சரக்கை எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டி.என்.ஏ. பார்கோடு முறையில் சோதித்து, 2015-ல் 'ஜீன்' இதழில் வெளியிட்டார்கள். ஒரு மாதிரிகூட உண்மையான நிலத்துத்தி இல்லை! 76 சதவீதம் வேறு சைடா இனங்கள்; அதிலும் அரிவாள்மனைப் பூண்டு மட்டும் 36 சதவீதம். 8 சதவீதம் துத்தி இனம். அரிவாள்மனைப் பூண்டில் எபிட்ரின், நிலத்துத்தி வேரைவிட ஆறு மடங்கு என்றும் அந்தக் கட்டுரை எச்சரிக்கிறது. எபிட்ரின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். ரத்த அழுத்தம் இருக்கிறவர் கஷாயம் வைத்தால் என்ன ஆகும்?

காய்ந்த வேருக்கும் பொடிக்கும் பார்கோடு வேணும், மறுக்கல. ஆனா செடியைப் பிடுங்குகிற இடத்தில் காய் கையிலேயே இருக்கு. அங்கே தேவை ஆய்வகம் இல்லை, சரியான கேள்வி.

அந்தக் கேள்விகள் ஏற்கனவே எழுதப்பட்டவைதான். கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரநூல் (1915–1936), திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தில் கே.எம். மேத்யூ உருவாக்கிய நூல்கள் எல்லாம் 'இதுவா, அதுவா' என்று கிளை பிரித்துக்கொண்டே போகிறவை. மேத்யூவின் 1982-ம் வருஷத் தொகுதி முழுக்கக் கோட்டோவியங்கள். குறை என்னன்னா எல்லாம் ஆங்கிலம், அதுவும் தாவரவியல் ஆங்கிலம். நம்ம மூலிகைப் புத்தகங்களோ தமிழில் இருக்கு. ஆனா பெரும்பாலும் செடியின் குணத்தை நாலு பக்கம் எழுதிட்டு, அடையாளத்துக்கு நாலு வரி ஒதுக்குகின்றன.

அடுத்த பதிப்பு போடுகிறவர்களுக்கு என் கோரிக்கை சின்னதுதான். பளபளக்கும் பூப்படத்துக்குப் பக்கத்தில் பிளந்த காயின் படம் ஒன்று போடுங்க. அதன் கீழே, எந்தச் செடியோடு குழப்பக் கூடாதுன்னு ஒரு வரி எழுதுங்க. வாங்குகிறவர் எந்த வேரைக் கொதிக்க வைக்கிறார் என்பதை அந்த ஒரு வரி தீர்மானிக்கலாம்.