நழுவட்டும் சக்கரம்

ஏற்றத்தில் திணறும் மாதிரி எஞ்சினின் சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டுவது பழைய வைத்தியம். பிரிட்டனின் ஓஓ அளவு ரயில்களில், எழுபது எண்பதுகளின் ஹார்ன்பி எஞ்சின்களோடு அது பெரும்பாலும் ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். வளையமில்லாத புதிய எஞ்சின்கள் மேட்டில் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றுகின்றன, ஆகவே வளையத்தை எடுத்ததே பிழை என்று இப்போது நண்பர் ஒருவர் நீளமாக வாதிடுகிறார். ஜெர்மனியின் மார்க்லின் விடாமல் போடுகிறதே என்பது அவருடைய பெரிய ஆயுதம்.

ரப்பருக்குப் பிடிப்பு அதிகம், மறுக்கவில்லை. டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கான டிகோடரும் ஒலிபெருக்கியும் அடைத்த பாய்லருக்குள் எடை வைக்க இடம் குறைவு என்பதும் உண்மை. மார்க்லின் எஞ்சின்கள் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் அங்கே இரண்டு தண்டவாளங்களும் ஒரே துருவம். மறு துருவத்தை நடுவிலுள்ள புள்ளி வரிசையிலிருந்து எஞ்சினின் அடியிலுள்ள சறுக்கி எடுத்துக்கொள்கிறது. ஒரு சக்கரத்தை ரப்பர் மூடினால் எதிர்ப்பக்கத்துச் சக்கரம் அதே வேலையைச் செய்யும். அந்த நியாயத்தை அப்படியே ஓஓ பாதைக்குத் தூக்கிவர முடியாது.

ஓஓ பாதையில் இடது தண்டவாளம் ஒரு துருவம், வலது மறு துருவம். ஆறு சக்கரமுள்ள சிறிய டேங்க் எஞ்சினுக்குப் பக்கத்துக்கு மூன்றே மூன்று சக்கரங்கள்தான் மின்சாரம் எடுக்கின்றன. ஓர் அச்சில் வளையம் போட்டால் மிச்சம் இரண்டு. அச்சுகள் அசையாத சட்டத்தில், சற்றே மேடுபள்ளமான பாதையில், எல்லாச் சக்கரங்களும் ஒரே நேரத்தில் தண்டவாளத்தைத் தொடுவதும் இல்லை. ஒன்று மயிரிழை தூக்கி நிற்கும் நொடியில் மற்றொன்று அழுக்கிலோ பாதை பிரியுமிடத்துப் பிளாஸ்டிக்கிலோ ஏறினால் எஞ்சின் நின்றுவிடும். மோட்டாரோடு சுழலும் ஃப்ளைவீல் காப்பாற்றுமா? அதில் சேரும் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்கு. நிலையத்துக்குள் ஊர்ந்து வரும் எஞ்சினுக்கு, அதாவது உதவி மிகத் தேவைப்படும் இடத்தில், அது கைகொடுக்காது. இழுவைக்காக ஓட்டத்தைக் கொடுப்பது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதுதான். காலப்போக்கில் ரப்பர் தளர்ந்தோ இறுகியோ போகும். அப்புறம் வண்டி நொண்டும். கழற்றி எறியவும் வழியில்லை, சக்கரத்தில் அதற்கென்று பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். எஃகுத் தண்டவாளத்தை ஈர்க்க எஞ்சினுக்குள் காந்தம் வைத்த ட்ரையாங் நிறுவனத்தின் பழைய ஏற்பாடு, நிக்கல் சில்வர் தண்டவாளம் வந்ததும் பயனற்றுப்போனது. ஆனால் அது ஒரு சக்கரத்தின் மின்சாரத்தைக்கூடப் பறிக்கவில்லை.

சரி, இழுவைக்கு என்ன வழி? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 கிராம் எஞ்சின், எடை முழுதும் ஓட்டும் சக்கரங்கள்மேல், உராய்வுக் கெழு 0.2 என்று வைத்துக்கொண்டால் 60 கிராம் இழுக்கும். 130 கிராம் பெட்டிகள் பத்து, உருளும்போது எடையில் இரண்டரை சதவீதத் தடை என்றால் 32.5 கிராம். ஐம்பதுக்கு ஒன்று ஏற்றத்தில் பெட்டிகளுக்கு இன்னும் 26, எஞ்சினின் சொந்த எடைக்கு 6. மொத்தம் 64.5. சக்கரம் சுழலாமல் என்ன செய்யும்? குறை வெறும் நாலரை கிராம். பெட்டிகளின் அச்சுமுனைகளையும் தாங்கிகளையும் சரிசெய்து தடையை ஒன்றரை சதவீதமாக்கினால் தேவை 51.5 கிராமுக்கு இறங்கிவிடுகிறது; எஞ்சினைத் தொடவே வேண்டாம். தொடுவதானால், ஓட்டும் சக்கரங்களுக்கு நடுவில் எடை விழும்படி ஈயத் தகடு வையுங்கள். எடை கூடினால் இழுவையோடு சக்கரமும் தண்டவாளமும் தொடும் அழுத்தமும் கூடுகிறது. ஒரே மருந்து இரண்டு நோய்க்கும் கேட்கிறது. (ஈயக் குண்டுகளைப் பிவிஏ பசையில் குழைத்து பாய்லருக்குள் ஊற்றாதீர்கள், நாளடைவில் ஈயம் அரித்து, பூரித்து, பாய்லரையே பிளந்துவிடும்.)

சக்கரம் நழுவுவதை நண்பர் அவமானமாகப் பார்க்கிறார். எனக்கு அது எஞ்சினின் ஃபியூஸ். பளு மிஞ்சும்போது சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழல்கிறது, அதனால் பிழைக்கிறது. ரப்பர் பிடித்துக்கொண்டால் மோட்டார் அசையாமல் நிற்கும். நிற்கும் மோட்டாரில் எதிர் மின்னழுத்தம் இல்லை. மின்னோட்டம் உச்சத்துக்கு ஏறி, சுருள் கருகும் அல்லது பல்சக்கரம் பல் இழக்கும். ஈயத்துக்கும் இதே எல்லைதான். மோட்டார் நிற்குமுன் சக்கரம் நழுவும் அளவோடு எடையை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

டிஜிட்டல் எஞ்சினில் மின்தேக்கி பொருத்திவிட்டால் வளையத்தின் குறை தெரியாது என்பது நண்பரின் கடைசி வாதம். தெரியாதுதான். அழுக்குச் சக்கரமும் தெரியாது, தூக்கி நிற்கும் அச்சும் தெரியாது, ஒருநாள் நட்ட நடுவில் நிற்கும்வரை. நான் அவரைக் கேட்பது இதுதான்: மின்தேக்கியை ஒரு மாலை மட்டும் துண்டித்துவிட்டு, மிகக் குறைந்த வேகத்தில், அந்த எஞ்சினைப் பாதை பிரியும் இடத்தின்மேல் தனியாக ஓட்டிப் பாருங்கள். பெட்டிகளை அதற்குப் பிறகு மாட்டலாம்.