டாம் மிஷ்: அழகாக மட்டும் இருப்பதன் சிக்கல்

டாம் மிஷ்ஷை எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே எழுதியிருப்பதை வாசித்துவிட்டு, இவனுக்கு அந்த ஆள்மேல் அப்படியென்ன கோபம் என்று கேட்பீர்கள். ஸ்கூடாயில் படித்த காலத்தில், கடைசி வருட புரொஜெக்டுக்காக இரவெல்லாம் உட்கார்ந்து சர்க்யூட் போர்டு சால்டர் செய்தபோது, என் காதில் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய 'ஜியாகிரஃபி' (2018) ஆல்பம்தான். கூடத் தங்கியிருந்த நண்பன் ஒருவன் உறுமி மேளக் குழுவில் வாசிப்பவன். ஒருநாள் ஹெட்போனை வாங்கி இரண்டு பாட்டு கேட்டான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது கஃபேல போடுற பாட்டுடா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்று கண்டுபிடிக்கத்தான் இந்தக் கட்டுரை.

மிஷ் 1995இல் பிறந்தவர். தென் லண்டன் பையன். சின்ன வயதில் வயலின் கற்றார், பிறகு கிட்டாருக்கு மாறினார். டிரினிட்டி லாபான் இசைக் கல்லூரியில் ஜாஸ் கிட்டார் படிக்கச் சேர்ந்து, கொஞ்ச நாளிலேயே விட்டுவிட்டார். அவர் உண்மையில் படித்தது படுக்கையறையில், கம்ப்யூட்டர் முன்னால். அங்கே செய்த பீட்டுகளை சவுண்ட்கிளவுடில் போட்டுப் போட்டே ஆள் சேர்த்தார். 'பீட் டேப் 1' 2014இல் வந்தது, இரண்டாவது அடுத்த ஆண்டு. 'ஜியாகிரஃபி' பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் எட்டாவது இடம்வரை போனது. சொந்த லேபிளில் வந்த முதல் ஆல்பத்துக்கு இது சாதாரண விஷயமில்லை.

அவருடைய குரு யார் என்று கேட்டால், ஜாஸ் கிட்டார்காரர்கள் பெயரைவிட முதலில் சொல்ல வேண்டியது ஜே டில்லாவை. டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஹிப்ஹாப் தயாரிப்பாளர். 2006இல், 'டோனட்ஸ்' வெளிவந்த மூன்றாவது நாள், 32 வயதில் இறந்துபோனார். டிரம் மெஷினில் 'குவாண்டைஸ்' என்று ஒரு வசதி உண்டு. நீங்கள் கையால் தட்டும் ஒவ்வொரு அடியையும் அது பக்கத்திலிருக்கும் கட்டத்துக்குள் இழுத்து நேராக்கிவிடும். நிமிடத்துக்கு 90 அடி வேகமென்றால், பதினாறில் ஒரு பங்கு சுரம் சுமார் 167 மில்லிவினாடி. டில்லா அந்த வசதியை அணைத்துவிட்டு வாசிப்பார். ஸ்நேர் கொஞ்சம் முந்தும், கிக் கொஞ்சம் பிந்தும், நடுவில் ஹைஹேட் ஒன்றும் தெரியாததுபோல நேராகப் போய்க்கொண்டிருக்கும்.

என் வேலையில் இப்படி சிக்னல் முன்னே பின்னே வந்தால் அதற்கு ஜிட்டர் என்று பெயர். அதைக் குறைக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் ஜிட்டர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. டில்லாவின் பிந்தல் அப்படியில்லை. நாலு பார் லூப்பில் எங்கே தள்ளாடினாரோ, அடுத்த சுற்றில் அதே இடத்தில் அதே அளவு தள்ளாடுவார். அதுதான் விஷயமே. பிழை என்று நினைத்தது திரும்பத் திரும்ப வரும்போது நடையாகிவிடுகிறது. என் உறுமி நண்பன் இதை ஒரே கேட்பில் பிடித்தான், "ஆள் வேணும்னே லேட்டா வர்றான்" என்று.

மிஷ் இந்த நடையை கிட்டாருக்குக் கொண்டுவந்தார். சுத்தமான டோன், டிஸ்டார்ஷன் கிடையாது. ஜாஸ் கார்டுகளை நீட்டி முழக்காமல் சாம்பிள்போல வெட்டி வெட்டி வைக்கிறார். தன் வாசிப்பைத் தானே வெட்டியெடுத்து லூப் போட்ட மாதிரி இருக்கும். ஸ்டீவி வொண்டரின் 'இஸன்ட் ஷீ லவ்லி'யை 'ஜியாகிரஃபி'யில் அவர் வாசித்திருப்பதைக் கேளுங்கள். 1976இல் வந்த மூலம் ஆறு நிமிடத்துக்குமேல் ஓடும் கொண்டாட்டம். இவருடையது இரண்டு நிமிடம்கூட இல்லை, வெறும் கிட்டார். பாடகரின் மூச்சு எங்கே விழுமோ அங்கே நிறுத்தி வாசிக்கிறார். மெட்டை இவ்வளவு மரியாதையாக நடத்தும் கைகள் அதிகமில்லை.

சரி, சிக்கல் எங்கே? வரிகளில். பாட்டு எழுதுபவராக மிஷ் ரொம்பவும் பத்திரமானவர். காதல், பிரிவு, ஊர்சுற்றல், நதிக்குத் தெற்கே வா என்ற அழைப்பு, எல்லாம் இதமாக வந்து இதமாகப் போகின்றன. அதே ஆல்பத்தில் 'வாட்டர் பேபி'யில் லாயல் கார்னர் வந்தவுடன் வெளிச்சம் மாறுகிறது. கார்னரும் தென் லண்டன்காரர்தான். ஆனால் அவர் வாயைத் திறந்தால் அம்மா, வீடு, இழப்பு என்று ஆட்கள் வந்துவிடுகிறார்கள். 2017இல் கார்னரின் ஆல்பத்தில் வந்த 'டாம்ஸல்ஃப்ளை'யிலும் இதேதான். மிஷ்ஷின் கிட்டார் நல்ல திண்ணை. யாராவது வந்து உட்கார்ந்தால்தான் அதன் அருமை தெரிகிறது.

2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து அவர் வெளியிட்ட 'குவாரன்டைன் செஷன்ஸ்' இதற்கு நேர்மாறான சாட்சி. நிர்வாணாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்'டைத் தனியாக உட்கார்ந்து மென்மையாக வாசித்தார். அந்த மெட்டு இவ்வளவு அழகானதா என்று முதலில் ஆச்சரியமாக இருந்தது. மூன்றாவது தடவை கேட்டபோது சங்கடமாகிவிட்டது. 1991இல் அந்தப் பாட்டில் இருந்தது கோபம், கசப்பு, தொண்டை கிழியும் சத்தம். இவர் முள்ளையெல்லாம் எடுத்துவிட்டு மீனைத் தட்டில் வைக்கிறார். சாப்பிடச் சுலபம்தான்! என் நண்பன் சொன்ன கஃபே இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

ஆனால் அதே 2020 ஏப்ரலில் ப்ளூ நோட்டில் 'வாட் கைண்டா மியூசிக்' வந்திருந்தது. கூடச் சேர்ந்தவர் டிரம்மர் யூசுப் டேஸ். 2016இல் 'பிளாக் ஃபோகஸ்' ஆல்பத்தில் லண்டனையே திரும்பிப் பார்க்க வைத்த இரட்டையர்களில் ஒருவர். சிறுவயதில் பில்லி காபமிடம் டிரம்ஸ் கற்றவர். காபம் யாரென்றால், யார்க்‌ஷயர்காரரான ஜான் மெக்லாக்லினின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர். அதை விட்டுவிட்டு மெக்லாக்லின் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு 'சக்தி'க்குப் போனது நம்மில் பலருக்குத் தெரிந்த கதை. பிரிட்டிஷ் ஜாஸ் கிட்டாருக்குத் தாளக்காரர்களிடம் போய்ச் சோதித்துக்கொள்ளும் பழக்கம் பழையதுதான்.

டேஸ் மிஷ்ஷைச் சும்மா இருக்க விடவில்லை. தலைப்புப் பாட்டில் கிட்டார் ஒரு லூப்பில் நிம்மதியாக உட்காரப் பார்க்கிறது, டிரம்ஸ் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. 'லிஃப்ட் ஆஃப்'இல் ராக்கோ பலடீனோவின் பேஸும் சேர்ந்துகொள்ள, அழகாக இருக்க மிஷ்ஷுக்கு நேரமே கிடைப்பதில்லை. பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை. டில்லாவிடமிருந்து கடன் வாங்கிய தள்ளாட்டம் அங்கே மெஷினில் இல்லாமல் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதனின் கையில் இருக்கிறது. அடுத்த சுற்றில் எங்கே விழும் என்று இவருக்கும் தெரியாது. அவர் செய்ததிலேயே சிறந்தது இந்த ஆல்பம்தான் என்பேன். 'ஜியாகிரஃபி'தான் என்று அடித்துச் சொல்பவர்கள் அதிகம், தெரியும்.

பிறகு 'சூப்பர்ஷை' என்ற வேறு பெயரில் நடன இசைக்குப் போனார். எனக்கு ஒட்டவில்லை, விட்டுவிடுகிறேன்.

போன தீபாவளிக்கு அந்த நண்பனைப் பார்த்தபோது காரில் 'லிஃப்ட் ஆஃப்' போட்டேன். யாரென்று சொல்லவில்லை. டேஷ்போர்டில் இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தான். பிடிபடவில்லை, நிறுத்தினான், திரும்பத் தட்டினான். டோல் தாண்டியதும், "டிரம்ஸ் யாருடா?" என்று கேட்டான். கிட்டாரைப் பற்றிக் கேட்பானென்று காத்திருந்தேன். கேட்கவில்லை. முதலிலிருந்து போடச் சொன்னான்.