அடுத்த வீட்டுக் கூச்சல்

ஆகஸ்டு 15ஆம் நாள் நமக்கு அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா. இத்தாலியருக்கோ, அதனுடன் 'ஃபெர்ரகோஸ்தோ' என்னும் கோடை விடுமுறையின் உச்சநாளும் ஆகும். லூக்கா நற்செய்தியில் நாம் சந்திக்கும் அதே அகுஸ்து சீசர் ஏற்படுத்திய ஓய்வுநாள்களின் பெயரே இவ்வாறு திரிந்து வழங்குகிறது. அந்த மன்னர் தம் ஒரே மகள் யூலியாவை நாடுகடத்தி வைத்த சிறு தீவு வென்தொத்தேனே. பாவ்லோ விர்ட்ஸி 1996இல் இயக்கிய 'ஆகஸ்டு விடுமுறை' என்னும் நகைச்சுவைப் படம் நிகழ்வதும் அங்கேதான்.

கதை எளியது. அருகருகே உள்ள இரு வீடுகளில் இரு கூட்டத்தார் விடுமுறைக்கு வந்து தங்குகின்றனர். ஒரு வீட்டில் பத்திரிகையாளர் சாந்த்ரோ மொலீனோவும் அவருடைய இடதுசாரி நண்பர்களும். இவர்கள் நிறையப் படித்தவர்கள். எளிமையைத் தாமே விரும்பித் தெரிந்துகொண்டவர்கள். மற்ற வீட்டில் உரோமை நகரத்துக் கடைக்காரர் ருஜ்ஜேரோ மாத்சலூபியின் குடும்பம். பணம் உண்டு, படிப்பு இல்லை, ஓசைக்குக் குறைவே இல்லை. 1994இல் பெர்லுஸ்கோனி ஆட்சியைப் பிடித்தபின் பிளவுண்ட இத்தாலியே இவ்விரு முற்றங்களில் குடியேறியிருக்கிறது.

இங்கே ஏழை பணக்காரன் சண்டை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாத்சலூபியின் பணப்பை மொலீனோவினதைவிட மெலிந்ததன்று. பிரிப்பது கல்வி; கல்வி தந்த செருக்கு. மக்களுக்காக வாழ்நாளெல்லாம் எழுதிய மனிதர், அம்மக்களில் ஒருவர் பக்கத்து வீட்டில் வந்து உரக்கச் சிரித்தால் முகம் சுளிக்கிறார். சமத்துவம் எழுத்தில் இனிக்கிறது, வேலியோரம் கசக்கிறது. சில்வியோ ஒர்லாந்தோவின் வாடிய முகம் இதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. படித்த நீங்கள் நெடுங்காலமாகவே எதையும் புரிந்துகொள்வதில்லை என்று ருஜ்ஜேரோ (என்னியோ ஃபந்தாஸ்திக்கினி) சாடும்போது, அதுவரை அவரைப் பார்த்து நகைத்த நமக்கும் சுருக்கென்கிறது. நானும் நகைத்தவன்தான்.

ஆனால் ருஜ்ஜேரோவை இயக்குநர் வெள்ளையடிக்கவில்லை. குடிபெயர்ந்து வந்த தெருவியாபாரி ஒருவர் மாத்சலூபி ஆண்களால் காயமுறுகிறார். சிரிப்பு அங்கே உறைந்துவிடுகிறது. மொலீனோ கூட்டத்தாரின் சினம் நியாயமானதே. எனினும் அதில், வெறுத்த அயலாரைக் குற்றவாளியாகக் காணக் கிடைத்த ஒரு மனநிறைவும் கலந்திருக்கிறதோ என்ற ஐயம் எழாமலில்லை. அடிபட்டவரோ இரு தரப்பின் வழக்குக்கும் பொருளாகிறாரேயன்றி, முழு மனிதராக நம்முன் நிற்பதில்லை. இதைப் படத்தின் குறையாகவே கருதுகிறேன். இரண்டு வீடுகளையும் இத்துணை நுணுக்கமாகப் பார்த்த கண், வீடே இல்லாதவரிடம் ஏன் விரைந்து கடந்தது?

தீவின் தேர்வும் தற்செயலன்று. பாசிச ஆட்சி தன் எதிரிகளைக் காவலில் வைத்த இடம் அது. அல்தியேரோ ஸ்பினெல்லியும் எர்னெஸ்தோ ரோஸ்ஸியும் 1941இல் ஒன்றுபட்ட ஐரோப்பாவுக்கான அறிக்கையை அங்கேதான் எழுதினர். பகை நாடுகளை இணைக்கக் கனவு கண்ட மண்ணில், இரண்டு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில், இரு குடும்பங்களால் இரண்டு வாரம் கூடி வாழ இயலவில்லை.

இப்படம் அவ்வாண்டின் சிறந்த இத்தாலியப் படமாகத் தாவீது தி தொனத்தெல்லோ விருது பெற்றது. 28 ஆண்டுகள் கழித்து, 2024இல், விர்ட்ஸி அதே தீவுக்கு அதே இரு குடும்பங்களையும் மீண்டும் அழைத்து வந்தார். சாந்த்ரோ அதில் நோயுற்ற முதியவர். ருஜ்ஜேரோவாக நடித்த ஃபந்தாஸ்திக்கினி 2018இலேயே மறைந்துவிட்டார். வாதிட்டு முடிக்க எதிராளி இல்லை.