முடிவை மீள எழுதுதல்: ஏர்த்சீ வரிசையின் இறுதி நாவலும் வாசகனும்

நீண்டதொரு கதைவரிசையின் கடைசி நூலை வாசித்து முடிப்பவனின் மனநிலை எளிதில் வகுத்துரைக்கக் கூடியதன்று. கதை எவ்வாறு முடியும் என்ற ஆவல் தணிகின்றது. பல காலம் பழகிய உலகொன்று மூடப்படுகின்றதே என்ற துயர் எழுகின்றது. முடிவு தான் எதிர்பார்த்ததாக அமையாதவிடத்து ஏமாற்றமும் வந்து சேர்கின்றது. அமெரிக்க எழுத்தாளர் ஏர்சுலா லெ குவின் (1929–2018) படைத்த ஏர்த்சீ நாவல்கள் இம்மூன்று உணர்வுகளையும் ஒருங்கே தோற்றுவிப்பன.

இவ்வரிசையின் முதல் மூன்று நாவல்களும் 1968, 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. தீவுக் கூட்டங்களாலான கற்பனை உலகொன்றில், ஆட்டிடையனாக வளர்ந்து பெரும் மந்திரவாதியாக உயரும் கெட் என்பவனின் வரலாறு மூன்றாவது நூலுடன் நிறைவுற்றதாகவே வாசகர் கருதினர். பதினெட்டு ஆண்டுகளின் பின், 1990 இல், ‘தெஹானு’ வெளிவந்தது. ‘ஏர்த்சீயின் இறுதி நூல்’ என்பதே அதன் உபதலைப்பாகும். ஆயின் 2001 இல் சிறுகதைத் தொகுதியொன்றும், ‘மற்றைக் காற்று’ என்ற நாவலும் தொடர்ந்தன. எனவே இவ்வரிசையின் வாசகன் முடிவை ஒரு தடவையன்றி மூன்று தடவை எதிர்கொள்ள நேர்ந்தது.

மூன்றாவது நூலான ‘மிகத் தொலைவான கரை’யின் பொருள் மரணமாகும். சாவை வெல்ல முயலும் கொப் என்ற மந்திரவாதி வாழ்வுக்கும் இறப்புக்கும் இடையே திறந்துவிட்ட வாயிலால் உலகின் உயிராற்றல் வற்றுகின்றது. பாடகர் பாடலை மறக்கின்றனர். கைவினைஞர் தம் திறனை இழக்கின்றனர். கெட் தன் மந்திர ஆற்றல் முழுவதையும் செலவிட்டு அவ்வாயிலை மூடுகின்றான். இறப்பை ஏற்காதவிடத்து வாழ்வும் பொருளிழக்கும் என்பதே அந்நாவல் உணர்த்தும் உண்மை. அங்கு இறந்தோர் உலகு கற்சுவருக்கு அப்பாலுள்ள வறண்ட நிலமாகச் சித்திரிக்கப்படுகின்றது. விண்மீன்கள் அசையாத அந்நிலத்தில், காதலுக்காக உயிர்நீத்தவர்கள்கூட ஒருவரையொருவர் அறியாது கடந்து செல்கின்றனர். கொடியதாயினும் அதனை இயற்கையின் நியதியென வாசகன் ஏற்றுக்கொள்கின்றான்.

‘மற்றைக் காற்று’ இந்நியதியையே கேள்விக்குட்படுத்துகின்றது. உடைந்த பாத்திரங்களை ஒட்டும் சிறுமந்திரம் மட்டும் அறிந்த ஆல்டர் என்பவனைக் கனவில் இறந்த மனைவி லிலி கற்சுவருக்கு அப்பாலிருந்து தொடுகின்றாள். ஏனைய இறந்தோரும் தம்மை விடுவிக்குமாறு இறைஞ்சுகின்றனர். ஆராயுமிடத்து, வறண்ட நிலம் இயற்கையானதன்று என்பது புலனாகின்றது. தொல்காலத்தில் சாவற்ற இருப்பை விரும்பிய மந்திரவாதிகள், பறவைநாகங்களுக்குரிய மேற்குத் திசையின் ஒரு பகுதியைக் கவர்ந்து, சுவரெழுப்பி அதனை ஆக்கினர். அநாகரிகர் என இகழப்பட்ட கார்காத் மக்களோ மறுபிறப்பில் நம்பிக்கை கொண்டவர்கள். அவர்கள் இறந்தபின் அந்நிலத்தை அடைவதில்லை.

இங்கு வாசகனின் உள்ளத்தில் நியாயமானதொரு எதிர்ப்புத் தோன்றலாம். கெட் தன் ஆற்றலைப் பலியிட்டுக் காத்த ஒழுங்கே களவால் அமைந்ததெனின், அவனது தியாகம் வீணானதா? முந்திய நூலைப் பின்னைய நூல் பொய்யாக்கிவிட்டதா? இவ்வினாக்கள் அலட்சியப்படுத்தத்தக்கன அல்ல. எனினும், கொப் செய்த குற்றமே தொன்மை மந்திரவாதிகள் செய்ததும் என்பதை மனங்கொள்ளல் வேண்டும். சாவை மறுக்கும் பேராசையைத் தனியொருவனின் தீமையாகக் கண்ட ஆசிரியர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின் அதனை அச்சமூகத்தின் அறிவதிகாரம் முழுவதற்கும் அடிப்படையாகக் காண்கின்றார். இது முன்னைய உண்மையின் மறுப்பன்று; அதன் விரிவே. இயற்கை எனக் கற்பிக்கப்படும் ஏற்பாடுகள் பல மனிதரால், அதிலும் அதிகாரமுடையோரால், ஆக்கப்பட்டவை என்ற தெளிவு கற்பனைக் கதையொன்றில் இத்துணை வலுவுடன் வெளிப்படுவது அரிது.

நாவல் குறைகளற்றதன்று. தொல்வரலாறு நிகழ்ச்சிகளாக விரியாது சபை உரையாடல்கள் வாயிலாகவே பெரிதும் விளக்கப்படுகின்றது. மன்னன் லெபானனின் திருமணம் பற்றிய பகுதிகள் மையக் கருவிலிருந்து கவனத்தை விலக்குகின்றன. நெடிது தயாரிக்கப்பட்ட உச்சக்கட்டமும் விரைந்து முடிந்துவிடுகின்றது.

ஆயினும் அவ்வுச்சக்கட்டத்தில் ஒரு காட்சி இக்குறைகளை மறக்கச் செய்கின்றது. வாழ்நாளெல்லாம் உடைந்ததை ஒட்டிவந்த ஆல்டர், இறுதியில் தன் கைகளாற் சுவரின் கற்களைப் பெயர்க்கின்றான். ஒட்டுபவனின் கடைசிப் பணி உடைத்தலாகின்றது. சுவர் வீழ்ந்ததும் அவன் லிலியுடன் சேர்ந்து மறைகின்றான். மூன்றாவது நூலில் முகமறியாது கடந்து சென்ற காதலர்க்கு ஆசிரியர் அளிக்கும் காலங்கடந்த விடை இதுவே.

பேராற்றல் கொண்ட கெட் இவற்றில் நேரடியாகப் பங்குகொள்ளவில்லை. முதுமையுற்று, ஆற்றலிழந்து, தன் தோட்டத்தையும் ஆடுகளையும் பேணியவாறு தெனாரின் வருகைக்காகக் காத்திருக்கின்றான். வீரநாயகனை நாடிவந்த வாசகனுக்கு இது ஏமாற்றமாகலாம். ஆனால், முடிவை ஏற்கக் கற்பித்தவன் தன் முடிவையும் அமைதியுடன் ஏற்றிருக்கின்றான் என்பதை உணர்பவன், நூலை மூடுகையில் எழும் துயரையும் அவ்வாறே ஏற்கக் கற்றுக்கொள்வான்.